கேட்டவர் ஏன் பிரிந்தனர்?

(வலிகாமம் மேற்கில் உள்ள ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இவ்விழாவிலே அரசியல் பேசாது சமயம் பேசுமாறு நிருவாகத்தினர் என்னைப் பணித்தனர். அரசியல் பேசினால் சண்டை மூளும் என்பது அவர்கள் அச்சம் போலும். சமயம் பேசினால் மூளாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ, நானறியேன். (சிரிப்பு.)

நான் கிறிஸ்தவன். இங்கு அமர்ந்திருப்போரில் பெரும்பாலார் சைவர். சமய போதனை கேட்பவரை ஏன் இரு கூறாக்குகின்றது, அவ்வாறு பிளவு நேரும்போது கிறிஸ்தவ விசுவாசிகள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே எனக்குத் தந்த பொருள். சென்ற ஆண்டு என் கந்தோருக்கு வந்த ஒரு விவகாரத்தை முதலிலே சொல்லிவிடுகின்றேன். ஊரையும் பெயரையும் சொல்லேன், ஊகிக்கவும் முயலாதீர்கள்.

அண்ணன் தம்பி இருவர். தந்தை விட்டுச்சென்ற தோட்டம் ஆளுக்குப் பாதி. நடுவிலே பங்குக் கிணறு. உறுதியிலே, கிணற்றில் அரைவாசிப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் தம்பிக்கு உண்டென்று தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது. முப்பது ஆண்டுகளாக முறை தவறாது இருவரும் இறைத்தார்கள். தம்பியார் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செபக் கூட்டத்துக்குப் போனார். பிறகு ஞானஸ்நானம் பெற்றார். பிறகு தமது வளவிலே தகரக் கொட்டகை ஒன்றமைத்துச் செபம் நடத்த இடங்கொடுத்தார். அவ்வளவும் அவர் உரிமை. கொட்டகையின் முகட்டிலே ஒலிபெருக்கி ஒன்று ஏறிற்று. அதன் வாய் அண்ணன் வீட்டை நோக்கியிருந்தது. ஒருநாள் அண்ணன் வாய்க்காலை மண்போட்டு அடைத்துவிட்டார். தம்பி வெங்காயம் நட்டு இருபது நாள். "கடவுளை மாத்தினவனுக்குக் கிணத்துத் தண்ணி ஏன்? அவன்ரை ஆண்டவர் மழை தரட்டும்" என்பது அண்ணன் வாய்மொழி.

சட்டம் இதில் தடுமாறவில்லை. நமது தேசவழமை 1707ஆம் ஆண்டளவிலே ஒல்லாந்தர் தொகுத்தது. அது வடமாகாணத் தமிழனுக்குரிய சட்டம். சைவனுக்கு ஒன்று, கிறிஸ்தவனுக்கு ஒன்று என்று இரண்டில்லை. பாரதத்திலே மதம் மாறியவன் பரம்பரைச் சொத்தை இழக்க வேண்டியதில்லை என்று 1850இலே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நமக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே தம்பியாரிடம், "வழக்குப் போட்டால் வெல்வீர்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னர் சொல்கின்றேன்.

அந்த அண்ணனைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரையும் நான் கண்டு பேசினேன். தாயார் மறைந்தபோது தம்பி பாடை தூக்கினார். வாய்க்கரிசி போட மறுத்தார். கீரிமலையில் காரியம் நடந்தபோது கரையிலே நின்றார். அன்று தொடங்கிய நோவு அது. வாய்க்கால் பின்னர் வந்தது.

விவசாயப் போதனாசிரியர் ஊருக்கு வந்து, வெங்காயத்துக்கு இன்ன மருந்தை இன்ன அளவிலே தெளிக்க என்று போதிக்கின்றார். சிலர் கேட்கின்றனர், சிலர் கேட்பதில்லை. எந்தக் குடும்பமும் அதனாற் பிளவுபட்டதில்லை. அவர் போதனை நாம் யாரை வணங்குவது, தாய்க்கு யார் கொள்ளி வைப்பது, மகளை எவ்விடத்திற் கொடுப்பது என்று கேட்பதில்லை. சமய போதனையோ இவற்றையே கேட்கின்றது. கேட்பவனும் தனியொருவன் அல்லன். ஒருவருடைய மகன், ஒருவருடைய மைத்துனன், ஒரு கிணற்றின் பங்காளி. அவன் ஆம் என்றால் அந்த ஆம் அத்தனை பேர்மீதும் விழுகின்றது. மனிதனைத் தீர்மானிக்கச் சொல்லும் போதனை எதுவாயினும் பிரிக்கவே செய்யும். கௌதமர் போதனையும் அரண்மனையிலிருந்து மைந்தர்களைப் பிரித்தது. நமது நாயன்மார் சிலரின் பக்தியும் இல்லத்தைப் பிரித்தது.

கிறிஸ்தவர்கள் இதனைக் கண்டு திகைக்க நியாயமில்லை. தந்தைக்கும் மகனுக்குமே பிரிவு வரும் என்று கிறிஸ்து முன்னறிவித்ததாக லூக்கா எழுதுகின்றார். யோவான் சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்திலே ஒரே பேச்சைக் கேட்ட கூட்டம் இரண்டாகின்றது. பிடித்துவர அனுப்பப்பட்ட சேவகர்கூட வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

விதைப்பவன் உவமையும் இதைப் பற்றியதே. இதனை ஒருமுறை கமக்காரர் ஒருவருக்குச் சொன்னேன். "வழியிலும் முள்ளிலும் விதையை எறிந்தவன் என்ன கமக்காரன்?" என்று கேட்டார். வெங்காயத்தைப் பாத்தி கட்டி ஒவ்வொன்றாய்க் கையால் ஊன்றுபவருக்கு அப்படித்தான் தோன்றும். மழையை நம்பி வயலிலே நெல்லை வீசி விதைப்பவர் வரம்பிலும் நாலு மணி விழும் என்றறிவார். கற்பாறை நிலத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓரடி மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் படுத்திருக்கும் துண்டுகள் நம் ஊரிலேயே உள. பயிர் விரைந்து முளைக்கும். வெயில் ஏறியதும் வாடும். எனினும் இவ்வுவமையிலே போதகருக்கு ஒரு வழுக்கல் உண்டு. "என் விதை நல்லது, உன் மண் கெட்டது" என்று சொல்லிவிட்டு அவர் வீடு போய்விடலாம். தன் வழக்கிலே தானே நீதிபதியாய் அமர்ந்து தன்னையே விடுதலை செய்துகொள்பவர்களை மேடைகளிற் கண்டிருக்கின்றேன். எனது தொழிலிலே அது செல்லாது. கேட்டவர் பிரிந்தது வசனத்தினாலா, வசனத்தோடு கூட வந்த வேறெதனாலா என்று விசாரித்தே ஆக வேண்டும்.

நமது யாழ்ப்பாணத்தைப் போல இவ்விசாரணைக்கு ஏற்ற இடம் அரிது. போர்த்துக்கேயர் காலத்தை அதிகம் கிளற வேண்டாம். 1544இலே மன்னாரிற் புதிதாய்க் கிறிஸ்தவரானோரைச் சங்கிலி மன்னன் கொன்றான். 1619இலே இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தார்கள். ஒல்லாந்தர் காலத்திலே உத்தியோகம் வேண்டியவன் பெயரைச் சபைப் பதிவிலே எழுதுவித்து, இரவிலே வீட்டில் விளக்கேற்றினான். வாள்முனையிலும் சம்பளத்திலும் நிகழ்வதைப் போதனை என்று நான் ஏற்பதில்லை. ஆங்கிலேயர் வந்தபின் அந்தப் பதிவு காற்றிற் பறந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க மிஷன் 1816இலே வந்தது. 1823இலே வட்டுக்கோட்டையிற் செமினரி எழுந்தது. அப்பாதிரிமார் வாளேந்தி வரவில்லை. புத்தகமும் தூரதரிசனக் கண்ணாடியும் கொண்டு வந்தனர். 1829 மார்ச்சு 20ஆந் திகதி சந்திர கிரகணம். விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கக் கணக்குக்கும் செமினரியார் கணக்குக்கும் வேறுபாடு. வானம் செமினரியார் பக்கம் தீர்ப்பளித்தது. பஞ்சாங்கம் பிழைத்தால் சைவமும் பிழைக்கும் என்று பாதிரிமாரிற் சிலர் எண்ணினர். நடந்தது வேறு. கேட்டவர்கள் வானசாத்திரத்தை ஏற்றுக்கொண்டனர், சிவனையும் விடவில்லை. இன்றும் பஞ்சாங்கம் தொங்காத வீடு இங்கே குறைவு. கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றையும் சேர்த்தே சொல்கின்றேன். அறிவின் வெற்றியை ஆன்மாவின் வெற்றி என்று கணக்கெழுதிய பிழை அது.

ஆறுமுக நாவலர் வரலாறு உங்களுக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு வழக்கறிஞன் கண்ணோடு அதனைப் பார்க்க வேண்டும். 1822இலே நல்லூரிற் பிறந்தவர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பார்சிவல் பாதிரியாரிடம் கற்று, அவர் பாடசாலையிலேயே ஆசிரியராகி, அவரது வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். வேதத்தை அவரளவு நுணுகிக் கேட்ட யாழ்ப்பாணத்தார் அக்காலத்தில் எத்தனை பேர்? கேட்டதன் பயன், 1847 டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கம் தொடங்கினார்; அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இலே சைவதூஷண பரிகாரம் அச்சிட்டார். அந்நூலிலே அவர் செய்தது என்ன? திருக்கோயில், பலி, தீபம், தூபம் எல்லாம் மூடத்தனம் என்ற பாதிரிமாருக்கு, அவர்களுடைய வேதாகமத்திலேயே எபிரேயர் ஆலய வழிபாட்டை எடுத்துக் காட்டி, "இது உங்கள் ஆவணமன்றோ?" என்று கேட்டார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் கொண்டே தம் கட்சியை நிறுவுவது நீதிமன்றத்திலே மிக உயர்ந்த வித்தை. கிறிஸ்தவனாகிய நான் அதனை மெச்சாதிருக்க இயலாது.

எந்தப் போதனை நாவலரைப் பிரித்தது? கிறிஸ்துவைப் பற்றிய போதனை மட்டும் என்றால் அவர் மறுத்துவிட்டு அமைதியாய் இருந்திருக்கலாம். அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏளனமும் அவரைப் பிரித்தது என்பதே என் தீர்மானம். தம் தாய் தந்தையர் வணங்கியதை அங்காடியிலே நின்று பழிப்பதைக் கேட்டவர் எவரும் மனங்கொதிப்பர். அவர் தரப்பிலும் பதிலுக்குப் பதில் கடுமை உண்டு. அதை மறைக்க நான் அவருக்கு வக்கீல் அல்லன்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே மொழிபெயர்ப்பு 1850இலே வெளிவந்தபோது, கிறிஸ்தவர்களே பிளவுபட்டனர். பழைய பப்பிரிசியசு மொழியிலே பழகிய தமிழ்நாட்டுச் சபையார் பலர் புதியதை ஏற்கவில்லை. 1871இலே போவர் தலைமையில் வேறொரு திருத்தம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. சைவனைத் திருத்தப் போன புத்தகத்தைப் பற்றிச் சபைக்குள்ளேயே சண்டை.

இப்பொருளைப் பேசும்போதெல்லாம் என் மனத்தில் எழுவது சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையின் குடும்பம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்தவர். 1857இலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பார்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானிக்கு ஆசிரியராய் இருந்தவர். அவர் கிறிஸ்தவத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிச் சைவ மகத்துவம் எழுதினார். பின்னர் ஏடு தேடி அலைந்து 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். அவர் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகிப் பிரான்சிசு கிங்சுபரி என்ற பெயருடன் போதகரானார். தந்தை இடப்பக்கம் திரும்பினால் மகன் வலப்பக்கம். ஒரே வீடு, ஒரே தமிழ். அந்த மகன் செய்த காரியத்தைக் கேளுங்கள். 1921இலே பிலிப்ஸ் என்ற பாதிரியாருடன் சேர்ந்து, தேவார திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து வெளியிட்டார். தந்தையின் நம்பிக்கையை ஏற்காத மகன், தந்தை போற்றிய பாடல்களை உலகுக்கு எடுத்துக் கொடுத்தார். பிரிந்தவர்கள் பகைவராக வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் மேலான சாட்சியம் எங்கள் சபை வரலாற்றிலே எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் தனியரும் அல்லர். செமினரியின் தலைவராயிருந்த ஒய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கினார். அது 1854இலே, நாவலர் தமது கண்டன நூலை வெளியிட்ட அதே ஆண்டிலே, அமெரிக்காவில் அச்சாயிற்று. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதற் பேராயர் குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது யாது என்று ஒப்புநோக்கி 1964இலே ஒரு நூல் எழுதினார். மறுப்பவனுடைய நூலை அவனளவு கற்றுவிட்டுப் பேசுவது ஒருவகைக் கிறிஸ்தவப் பதில். இதற்கு நேரெதிரான பதிலும் உண்டு. செமினரியிற் படித்த பிள்ளைகள் விசுவாசிகளாவதிலும் பார்க்க உத்தியோகத்தராகின்றனர் என்று கண்ட அமெரிக்கத் தலைமைச் சங்கம், 1855இலே அதனை மூடிவிட்டது. பயிர் வேண்டியபடி விளையவில்லை என்று கிணற்றைத் தூர்த்த கதை. ஊர்மக்கள் கேட்டதனாலேயே 1872இலே அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இன்னொன்றையும் சொல்லாமற் போனால் நான் நேர்மையற்றவனாவேன். கடவுள் முன் யாவரும் சமம் என்ற வசனம் யாழ்ப்பாணத்திலே கேட்டவர்களைச் சாதியால் பிரித்தது. கீழே இருத்தப்பட்டவன் அதனை நற்செய்தியாய்க் கேட்டான். வாங்கிலே அமர்ந்திருந்தவன், ஞானஸ்நானம் பெற்றவனே ஆயினும், அதனை அவமானமாய்க் கேட்டான். 1929, 1930ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகளிற் சம ஆசனம் வந்தபோது எதிர்த்தவர் சைவர் மட்டுமல்லர். சில பள்ளிக் கொட்டகைகள் எரிந்தன. இந்தப் பிரிவுக்கு நான் வருந்தமாட்டேன். இங்கே பிரித்தது வசனமேதான். எங்கள் முன்னோரிற் பலர் அந்த இடத்திலேதான் வாய்மூடி இருந்தனர். பஞ்சாங்கத்தைப் பழிக்கும்போது மட்டும் வாய் திறந்தனர்.

அரசியலைத் தொடேன் என்று வாக்களித்தேனா? இல்லை. (சிரிப்பு.) செல்வநாயகம் அவர்கள் கிறிஸ்தவர். 1952இலே காங்கேசன்துறையிலே தோற்றார். அவர் சமயமும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. 1956இலே அதே சைவ வாக்காளர் அவரை வெல்வித்தனர். பின்னர் ஒருபோதும் அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1968இலே திருக்கோணேச்சரச் சூழலைப் புனித பிரதேசமாக்கும் முயற்சி தடுக்கப்பட்டபோது, அமைச்சர் திருச்செல்வம் பதவி துறந்தார். கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. சிவாலயத்துக்காக அரசாங்கத்தைத் துறந்த கட்சியின் தலைவர் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர். அவர் தமது சமயத்தை ஒளித்தாரா? இல்லை. அடுத்தவர்மீது ஏற்றினாரா? அதுவுமில்லை.

இன்று நம்மிடையே இரு சாரார் சட்டத்தை நாடுகின்றனர். மதமாற்றத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்கின்றனர் சைவ நண்பர் சிலர். 2004இலே ஜாதிக ஹெல உறுமய அத்தகைய சட்டமூலத்தைக் கொண்டுவந்தது; அதன் பல வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்றது உயர் நீதிமன்றம்; அது சட்டமாகவில்லை. 2003இலே கன்னியர் சபையொன்றின் கூட்டிணைப்புச் சட்டமூலத்தைப் பற்றிய தீர்மானத்திலே, மதத்தைப் பரப்பும் உரிமையை நமது அரசியலமைப்பு காக்கவில்லை என்று அதே நீதிமன்றம் கூறிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இலே அதனை உரிமை மீறல் என்றது. அக்குழு சொன்னதே சரி என்பது என் கருத்து. கவனியுங்கள்: அந்தத் தீர்மானம் ஒன்பதாம் உறுப்புரையையும், அது பௌத்தத்துக்கு அளிக்கும் முதன்மையிடத்தையும் பற்றிக்கொண்டு நின்றது. இன்று கிறிஸ்தவனுக்கு எதிராய் அந்த வாளை உவந்து கொடுக்கும் சைவர், நாளை அது எவர் கோயில் வாசலிலே வந்து நிற்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் மக்களுக்கு இதைவிட வெளிப்படையாக நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுசாராராகிய எம்மவர் சிலர், ஒவ்வோர் எதிர்ப்பையும் துன்புறுத்தல் என்று பெயரிட்டு உள்ளூரிலும் வெளியூரிலும் பறைசாற்றுகின்றனர். உண்மையான துன்புறுத்தல் உண்டு. கொட்டகைகள் உடைக்கப்பட்டுள்ளன, மனிதர் அடிக்கப்பட்டுள்ளனர். அவற்றுக்காக நான் நீதிமன்றம் ஏறுவேன். ஆனால் போர்முடிந்த ஊரிலே, கணவனை இழந்தவள் வீட்டு வாசலிலே, ஒரு கையில் அரிசிப் பையும் மறுகையில் துண்டுப்பிரசுரமுமாக நிற்பவரை அயலவர் ஐயுற்றால், அது துன்புறுத்தல் அன்று. அரிசியை அரிசியாகக் கொடுங்கள். வசனத்தைப் பிறிதொரு நாள், வெறுங்கையோடு போய்ச் சொல்லுங்கள்.

கிணற்றுக்கு வருகின்றேன். "வழக்குப் போட்டால் வெல்வீர்" என்றேன் அல்லவா? தம்பியாருடன் வந்திருந்த போதகர் மகிழ்ந்தார். நல்ல சாட்சியாக இருக்கும் என்றார். தம்பியார் சற்று நேரம் உறுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஐயா, ஒலிபெருக்கிக்கும் உறுதியில இடமிருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று மாலையே அதனைக் கழற்றிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். போதகருக்கு அது பிடிக்கவில்லை. அண்ணனுக்கு அஞ்சி விசுவாசத்தை மறைத்தார் என்று சபையிலே பேச்சாயிற்று. அவர் சபையை விடவில்லை. கொட்டகையிலே செபமும் நிற்கவில்லை, ஒலி மட்டும் வேலிக்குள் நின்றது. அண்ணனும் உடனே மனமிரங்கிவிடவில்லை. அந்தப் போக வெங்காயம் கருகிப் போயிற்று. அடுத்த போகத்துக்கு அயற்தோட்டக்காரர் ஒருவரிடம், சைவர்தான், காசு கொடுத்துத் தண்ணீர் இறைத்தார். தாயாரின் ஆண்டுத் திவசத்தன்று அண்ணன் வீட்டு முற்றத்திலே பந்தல்போட மரந்தூக்கியவர்களிலே தம்பியும் ஒருவர். படையலுக்கு அவர் நிற்கவில்லை. பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்வரை நின்றார். அண்ணன் மனைவி ஒரு வாழையிலையிலே சோறு கட்டிக் கொடுத்ததாகவும், அது படைத்ததா படைக்காததா என்று அவர் கேட்காமல் வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்கள். அவர் சபையார் இதை எப்படித் தீர்ப்பார்களோ தெரியாது. வேதாகமத்திலே பவுல் இதே கேள்வியைக் கொரிந்தியருக்கு எழுதியிருக்கின்றார், தேடிப் படியுங்கள்.

வாய்க்கால் இன்னும் திறக்கவில்லை. சென்ற கிழமை அண்ணன் என் கந்தோருக்கு வந்தார். தம்பி உண்மையிலேயே வழக்குப் போடவில்லையா என்று கேட்டார். போடவில்லை, உறுதி என் மேசை இழுப்பறையிலே கிடக்கின்றது என்றேன். சற்றுநேரம் இருந்துவிட்டு, நாள்முறை முன்பு எப்படி எழுதப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும், அதன் பிரதியொன்று தரமுடியுமா என்றார். கொடுத்தனுப்பினேன்.